இடிந்த வீடும் பூசிய படமும்

2009 இல் போர் முடிந்த பின்னர் எமது மக்களின் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டு வந்துள்ளன. காணி பார்க்கப் போகிறவர் அங்கு முதலில் செய்யும் காரியம் கைத்தொலைபேசியை எடுத்து ஒரு படம் பிடிப்பதுதான். கூரை இல்லாத சுவர், நடு அறையில் வளர்ந்து நிற்கும் பூவரசு, தூர்ந்து போன கிணறு, நிலையும் கதவும் இல்லாத வாசல். அன்றிரவே அந்தப் படம் ரொறன்ரோவில் உள்ள அண்ணருக்கும் சுவிஸில் உள்ள மச்சாளுக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இரண்டு நாளில் அதே படம் வேறு கோலத்தில் திரும்பி வருகிறது. யாரோ ஒரு பெறாமகன் அதைச் செயலியில் போட்டு எண்ணெய் ஓவியம் போல ஆக்கியிருப்பார். அல்லது பழைய காலத்துப் படம் போலப் பழுப்பு நிறம் கொடுத்திருப்பார். வானம் கருநீலமாகவும் சுவர் பொன்னிறமாகவும் இருக்கும். கீழே எல்லோரும் 'அழகு' என்று எழுதியிருப்பார்கள்.

இதனை நாம் குறை சொல்ல வரவில்லை. தான் பிறந்த வீட்டை அழகாகப் பார்க்க ஒருவர் ஆசைப்படுவது பாவமல்ல. திருமண வீட்டுப் படத்தை ஸ்ரூடியோக்காரர் கையால் நிறம் தீட்டிக் கொடுத்த காலத்தையும் எமது மூத்தவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆனால் இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களுக்கு இந்தப் படங்களில் ஒரு சிக்கல் உண்டு. அதைச் சற்று விரிவாகப் பேச வேண்டியுள்ளது.

பில்டர் என்று பிள்ளைகள் சொல்லும் இந்த வண்ணப்பூச்சு, படத்தின் நிறத்தை மட்டும் மாற்றுவதில்லை. வீடு எதனால் இடிந்தது என்பதையும் மாற்றிவிடுகிறது. ஷெல் விழுந்து உடைந்த வீடும், கூரையைக் கழற்றிக்கொண்டு போனதால் மழையில் கரைந்த வீடும், புல்டோசரால் தள்ளப்பட்ட வீடும் பழுப்பு நிறம் பூசியதும் ஒன்றாகிவிடுகின்றன. மூன்றும் 'காலத்தால் அழிந்த பழைய வீடு' ஆகின்றன. காலத்தின் மேல் எவரும் வழக்குப் போட முடியாது. பார்ப்பவர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார்.

ஒரு துறவு மடத்தின் கதை

இடிபாட்டை அழகாகப் பார்க்கும் ஆசை கைத்தொலைபேசியோடு வந்ததல்ல. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே அது மேற்கு நாட்டில் பெரிய நாகரிகமாக இருந்தது. அதற்குப் பேர்போன இடம் ஒரு கத்தோலிக்க மடம் என்பதால், அந்தக் கதையை எமது வாசகர்கள் அறிவது நல்லது.

வேல்ஸ் நாட்டில் வை என்ற ஆற்றங்கரையில் டின்ரேர்ன் மடம் இருக்கிறது. 1131 இல் சிஸ்ரேர்சியன் துறவிகள் அதனை நிறுவினார்கள். இச்சபையினர் உடலுழைப்பையும் வேளாண்மையையும் செபத்தோடு சேர்த்து வைத்தவர்கள். காடு வெட்டிக் கழனியாக்கியவர்கள். நானூறு ஆண்டுகள் அங்கே செபமும் விவசாயமும் நடந்தன. 1536 இல் எட்டாம் ஹென்றி மன்னன் மடங்களை மூடியபோது துறவிகள் வெளியேற்றப்பட்டார்கள். கூரையில் இருந்த ஈயத் தகடுகள் கழற்றப்பட்டன. கூரை போன கட்டடம் எப்படி அழியும் என்பதை எமது மக்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

ஆக, அது தானாக இடிந்த கட்டடம் அல்ல. அரச ஆணையால் ஆட்கள் வெளியேற்றப்பட்டு, கூரை கழற்றப்பட்டு, பாழாக விடப்பட்ட கட்டடம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வசதி படைத்த ஆங்கிலேயர்கள் படகேறி அந்த இடிபாட்டைப் பார்க்கப் போனார்கள். அவர்களிற் சிலர் கையில் ஒரு சிறிய கண்ணாடி வைத்திருந்தார்கள். கறுப்புச் சாயலும் சற்றே குவிந்த முகமும் கொண்ட கண்ணாடி. குளோட் லொறெய்ன் என்ற பதினேழாம் நூற்றாண்டு ஓவியரின் பெயரால் அதனைக் குளோட் கண்ணாடி என்றார்கள். காட்சிக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணாடியை முன்னே பிடித்து, அதில் தெரியும் நிழலைப் பார்ப்பார்கள். கண்ணைக் கூசும் வெளிச்சம் மங்கும், சிறு விபரங்கள் மறையும், எல்லாம் ஓர் ஓவியம் போலத் தெரியும். இன்றைய பில்டருக்கு அதுவே மூத்த தமையன். இடத்துக்கு முதுகைக் காட்டி நின்றால்தான் அது வேலை செய்யும் என்பது எமக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

வில்லியம் கில்பின் என்ற அங்கிலிக்கன் குருவானவர் 1770 இல் அந்த ஆற்றுவழியே பயணம் செய்து, 1782 இல் ஒரு நூல் வெளியிட்டார். டின்ரேர்ன் மடத்தின் சுவர்முகடுகள் இன்னும் ஒழுங்காக நிற்பது அவருடைய கண்ணை உறுத்தியது. ஒரு மரச்சுத்தியலை அளவறிந்து பாவித்தால் அவற்றை நல்ல விதமாக உடைத்துவிடலாம் என்ற கருத்தை எழுதி வைத்தார். இடிந்தது போதவில்லை, இன்னும் கொஞ்சம் இடிந்தால் ஓவியத்துக்குப் பொருந்தும்! குருவானவர்களும் இப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை.

ஆயினும் அவருக்குச் சேரவேண்டிய நியாயத்தையும் சொல்ல வேண்டும். அந்த இடிபாடுகளுக்குள் ஏழைகள் குடியிருப்பதை அவர் கண்டார், கண்டதை எழுதவும் செய்தார். நடக்க மாட்டாத ஒரு பெண், துறவிகளின் நூலகத்தைக் காட்டுவதாகச் சொல்லி அவர்களை அழைத்துப் போனாள். போய்ப் பார்த்தால் அது அவளுடைய இருப்பிடம். இரண்டு இடிந்த சுவர்களுக்கு நடுவே, ஈரம் வழிந்துகொண்டிருக்கும் ஒரு பொந்து. கறுத்தக் கண்ணாடியைக் கீழே வைத்தபோதுதான் அவள் அவர்கள் கண்ணுக்குப் பட்டிருப்பாள் என்று நாம் நினைக்கிறோம்.

பில்டர் எதைத் தின்கிறது

இனி, இந்தப் பூச்சு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். கைத்தொலைபேசிப் படம் என்பது இலட்சக்கணக்கான நிறப்புள்ளிகள். எண்ணெய் ஓவியம் போல ஆக்கும் பில்டர் ஒவ்வொரு புள்ளியிடமும் போய், அதைச் சுற்றியுள்ள புள்ளிகளைப் பார்க்கும். அந்தச் சுற்றுவட்டத்தில் எந்த நிறச்சாயல் கூடுதலாக இருக்கிறதோ, அதையே நடுப்புள்ளிக்கும் பூசிவிடும். பெரும்பான்மை வெல்லும், சிறுபான்மை கரைந்துபோகும். அரசியல் பேசுவதற்காக இதை நாம் எழுதவில்லை, கணக்கே அப்படித்தான்.

எனவே முதலில் அழிவன சிறியவை, மெல்லியவை. சுவரில் உள்ள மயிரிழை வெடிப்பு, சன்னம் பட்ட துளை, நிலைக்கு மேலே சீமெந்தில் எழுதிய ஆண்டு, கிணற்றுக் கட்டில் பொறித்த பெயரெழுத்து. சுவரும் மரமும் வானமும் பெரியவை, அவை தப்பிவிடும். குடும்பத்தின் அடையாளங்களோ பெரும்பாலும் சிறியவை.

பென்சிலால் கீறியது போல ஆக்கும் பில்டரின் போக்கு வேறு. வெளிச்சமும் இருட்டும் சட்டென மாறும் இடங்களைத் தேடி அங்கே கோடு போடும். சுவரின் விளிம்புக்கும் அது கோடு போடும், சுவரில் விழுந்த பனையின் நிழலுக்கும் அது கோடு போடும். எது சுவர், எது நிழல் என்ற வித்தியாசம் அதற்குத் தெரியாது. இல்லாத எல்லையொன்று படத்தில் தோன்றிவிடும். காணி எல்லைக்காகப் பங்காளிகள் இரண்டு தலைமுறையாகப் பேசாமல் இருக்கும் எமது ஊர்களில் இது சிரிக்கிற விஷயமல்ல.

பழுப்பு நிறத்துக்கு ஒரு நல்ல பூர்வீகம் உண்டு. முன்னர் கறுப்பு வெள்ளைப் படத்தின் தாளில் உள்ள வெள்ளியை வெள்ளிச் சல்பைட்டாக மாற்றினார்கள். அப்படி மாற்றினால் படம் நெடுங்காலம் மங்காது. நிலைத்து நிற்கவேண்டும் என்பதற்காகச் செய்த வேலை, இப்போது 'இது எப்போதோ முடிந்துபோன கதை' என்று சொல்லப் பயன்படுகிறது.

அண்மைக் காலச் செயலிகள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டன. கூரை இல்லாத வீட்டைக் கொடுத்தால் கூரை போட்டுத் தருகின்றன. முற்றத்துப் பற்றையை அகற்றிப் புல்தரை போடுகின்றன. அந்தக் கூரை உங்கள் அப்பு போட்ட கூரையல்ல. உலகத்தில் உள்ள ஆயிரமாயிரம் வீட்டுப் படங்களைப் படித்து இயந்திரம் ஊகித்த கூரை. உங்கள் வீட்டில் இருந்தது நாற்சார் முற்றமா, முன்விறாந்தையா என்பது அதற்குத் தெரியாது.

படம் அப்படியே இருந்தால் இடிந்த சுவரைப் படிக்கலாம். மழையால் அழியும் சுவர் மேலிருந்து கீழாகத் தேய்ந்து வரும். வன்னியின் மண்சுவர் கூரை போய்ச் சில மாரிகளிலேயே மேடாகிவிடும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் சுவர், ஆலோ அரசோ வேர் விட்டுப் பிளக்கும்வரை பல ஆண்டுகள் நிற்கும். ஷெல் வெடித்த இடத்தில் சன்னம் பட்ட குழிகள் சிதறிக் கிடக்கும். கூரை மரம் உக்கி விழுந்தால் சுவரில் அது பொருந்தியிருந்த குழியில் கறையான் மண்ணும் உக்கல் துண்டும் மிஞ்சும். வாளால் அரிந்து எடுத்திருந்தால் வெட்டு நேராக இருக்கும். இயந்திரத்தால் தள்ளிய வீட்டின் கற்குவியல் ஒரு பக்கமாகவே கிடக்கும். இவை எல்லாவற்றுக்கும் ஒரே பழுப்பைப் பூசிவிட்டு அழகு என்கிறோம்.

வேறொரு நாட்டு விவசாயிகள்

எம்மைப் போல நிலத்தை விட்டுப் போக நேர்ந்த விவசாயிகளைப் படம் பிடித்த ஒரு பெரும் முயற்சி 1930களில் அமெரிக்காவில் நடந்தது. பொருளாதார வீழ்ச்சியும் வரட்சியும் மண்புயலும் அங்கே குடியானவர்களை ஊரைவிட்டுத் துரத்தின. 1935 இல் தொடங்கிய அரச மீள்குடியேற்றத் திணைக்களம், 1937 இல் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகமாக மாறியது. அதன் படப்பிடிப்பாளர்கள் நாடெங்கும் அனுப்பப்பட்டார்கள்.

வோக்கர் எவன்ஸ் என்பவர் 1936 கோடையில் அலபாமா மாநிலத்தில் பருத்திக் குத்தகை விவசாயிகளின் பலகை வீடுகளைப் பிடித்தார். வீட்டின் முன்னே நேராக நின்று, எந்த மினுக்கும் இன்றி எடுத்த படங்கள். பலகையின் கணுவையும் சுவரில் தொங்கும் கரண்டியையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். வறுமையை அவர் மெருகூட்டவில்லை, கூட்டிக் காட்டவும் இல்லை. அந்த அடுப்படிகள் இன்றுவரை அப்படியே எமக்குத் தெரிகின்றன.

அதே ஆண்டு ஆர்தர் றொத்ஸ்ரைன் என்ற இளைஞர் தென் டகோட்டாவில் வெடித்த தரையில் கிடந்த ஒரு மாட்டு மண்டையோட்டைப் படம் பிடித்தார். நல்ல நிழல் கிடைப்பதற்காக மண்டையோட்டைச் சில அடிகள் நகர்த்தி வைத்தார். இது வெளியே தெரிந்ததும், வரட்சியே பொய், படங்களே ஏமாற்று என்று எதிர்த்தரப்புப் பத்திரிகைகள் கூச்சல் போட்டன. வரட்சி பொய்யல்ல. மாடுகள் செத்ததும் பொய்யல்ல. நகர்த்தியது சில அடிதான். ஆனால் உண்மையை மறுக்கக் காத்திருந்தவர்களுக்கு அந்தச் சில அடி போதுமாக இருந்தது.

அந்த அணியில் இருந்த டொறத்தியா லாங்கே எடுத்த தாயும் பிள்ளைகளும் படம் உலகமறிந்தது. அதன் ஓரத்தில் கூடாரக் கம்பைப் பிடித்திருந்த ஒரு பெருவிரல் அழகைக் கெடுக்கிறது என்று பின்னர் நெகற்றிவிலேயே அழிக்கப்பட்டது. விரலோடு அச்சிட்ட பிரதியொன்றும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் தப்பியிருப்பதால்தான் மாற்றம் என்னவென்று இன்று ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. முதற்பிரதி இருந்தால் திருத்தம் பெரிய தீங்கு செய்யாது. முதற்பிரதி போய்விட்டால் சின்னத் திருத்தமும் பெரிய சந்தேகமாகும்.

எமது நாட்டிலும் லயனல் வென்ற் (1900–1944) இருட்டறையில் ஒளியைத் தலைகீழாக்கியும் படங்களை ஒன்றோடொன்று கலந்தும் அற்புதமான வேலைகள் செய்தார். அவற்றைக் கலை என்றே செய்தார், கலை என்றே காட்டினார். அதில் எமக்கு ஒரு பிணக்கும் இல்லை.

எப்படிப் பிடிப்பது

நெகேமியா எருசலேமுக்கு வந்து மூன்று நாள் சென்றபின், யாருக்கும் சொல்லாமல் இரவில் எழுந்து போய் மதிலைப் பார்வையிட்டார் என்று விவிலியம் கூறுகிறது. எந்த வாயில் தீயில் எரிந்தது, எந்த இடத்தில் ஏறிப்போன விலங்குக்குக்கூட வழியில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. கட்டுவோம் என்று மக்களிடம் சொன்னது அதற்குப் பிறகுதான். நாம் படம் பிடிக்கும்போது அவர் பார்த்தது போலப் பார்க்கலாம்.

மிதிவெடி அகற்றப்பட்டது என்று அறிவிக்கப்படாத காணிக்குள் எவ்வளவு ஆசையிருந்தாலும் கால் வைக்க வேண்டாம். சிவப்பு மண்டையோட்டுப் பலகைக்கு இப்பால் நின்றே பிடியுங்கள். கட்டில்லாத கிணறும் சாய்ந்த சுவரும் ஆளைக் கொல்லும். கற்குவியலுக்குள் பாம்பு இருக்கும்.

உச்சிவெயிலில் சுவர் தட்டையாகத் தெரியும். காலையிலோ மாலையிலோ வெயில் பக்கவாட்டில் விழும்போது பிடித்தால் ஒவ்வொரு வெடிப்பும் துளையும் நிழலோடு எழும்பி நிற்கும். இதைவிட நல்ல பில்டர் கிடையாது, காசும் இல்லை. வீட்டின் நான்கு மூலையிலிருந்தும் ஒவ்வொன்று, பின் நடுவில் நின்று நான்கு பக்கமும் ஒவ்வொன்று எடுங்கள். கிணறோ பெரிய பனையோ, அசையாத ஒன்று கூடிய மட்டும் எல்லாப் படத்திலும் வரட்டும். அளவு தெரிய ஒரு அடிமட்டத்தையோ மண்வெட்டியையோ சுவரில் சாத்தி வையுங்கள். எல்லைமரங்களைத் தனித்தனியாகப் பிடியுங்கள். விழுந்து கிடக்கும் ஓட்டைப் புரட்டிப் பாருங்கள். மங்களூர் ஓடாக இருந்தால் பெரும்பாலும் செய்த தொழிற்சாலையின் பெயர் அடியில் பொறித்திருக்கும். பாசல் மிசன் 1865 இல் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையின் முத்திரையைக்கூட நீங்கள் காணக்கூடும். அந்த முத்திரையைப் பிடித்து வையுங்கள். அடுத்த வருடம் அதே இடத்தில் நின்று அதே படத்தைத் திரும்ப எடுத்தால் அது இன்னும் பெறுமதியானது.

எடுத்த படத்தின் மேல் எதையும் செய்ய வேண்டாம். முதலில் ஒரு பிரதி எடுங்கள், பூசுவதானால் பிரதிக்குப் பூசுங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். படத்தோடு பதிந்திருக்கும் திகதி, இட விபரங்களும் போய்விடும். வெளிநாட்டில் உள்ளவருக்கு முதற்பிரதி போகவேண்டுமென்றால் ஆவணமாக இணைத்து அனுப்பும் வழியும் அதிலேயே உண்டு, பிள்ளைகளைக் கேட்டால் காட்டுவார்கள். காணி உறுதியைத் தொலைத்துவிட்டு நிற்கும் குடும்பங்களுக்கு இது விளையாட்டல்ல. ஒரு படம் உறுதிக்கு ஈடாகாது. ஆனாலும் நட்டஈட்டுக்கோ எல்லை விசாரணைக்கோ சட்டத்தரணி கேட்கும்போது கொடுக்க ஏதாவது இருக்கும். இயந்திரப் பதிவுகளை நீதிமன்றில் சாட்சியமாக ஏற்பதற்கு 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. அப்பதிவு எந்த விதத்திலாவது மாற்றப்பட்டதா என்ற கேள்வி அங்கே கட்டாயம் எழும். வானத்துக்கு நீலம் பூசிய படத்தை அங்கே நீட்ட முடியாது.

இவ்வளவு சொன்ன பிறகும், பூசவே கூடாது என்று நாம் சொல்லமாட்டோம். முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அம்மம்மாவின் வீடு என்று காட்ட ஒரு கற்குவியல் மட்டும் இருப்பது கொடுமை. கூரை போட்ட படமொன்றைப் பார்த்து ஒரு முதியவர் ஒரு நேரம் நிம்மதியாக இருந்தால், அதைப் பறிக்க எவருக்கும் மனம் வராது. ஆனால் செயலியிடம் கேட்பதற்கு முன் அவரைக் கேளுங்கள். அடுப்படி எந்தப் பக்கம், நெல் மூட்டை அடுக்கிய அறை எது, மாட்டுக்கொட்டிலுக்குப் போகும் வழி எது என்று அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் கொப்பியில் கீறட்டும். அந்தக் கீறலில் கோடு கோணலாக இருக்கும், அறைகள் சரியாக இருக்கும். அதைச் சொல்லித் தரக்கூடியவர்கள் எமது பங்குகளில் ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறார்கள். கடைசியாக வீட்டில் விளக்கேற்றிய ஆள் யாரென்று கேட்டு அதையும் எழுதி வையுங்கள்.

இவ்விதழுக்குப் படம் அனுப்ப விரும்புவோர் இரண்டாக அனுப்பலாம்: பூசாதது ஒன்று, விரும்பினால் பூசியது ஒன்று. பூசாத படத்தின் பின்புறத்தில் ஊர், வெளியேறிய ஆண்டு, படம் எடுத்த திகதி, எத்திசை நோக்கி எடுத்தது என்ற விபரங்களைப் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். குமிழ்முனைப் பேனையால் அழுத்தி எழுதினால் தழும்பு முன்பக்கத்தில் விழும்.